வீடு தேடிப் போன வார்டு

என் ஆசிரியர்கள் காலத்தில் மாரடைப்புக்குப் பெரிய சிகிச்சை படுக்கைதான். வலிக்கு மார்ஃபின், மூச்சுக்கு ஆக்சிஜன், பிறகு வாரக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். 1960களில் இதயத்துக்கென்று தனி வார்டுகள் வந்தன. மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டரும் அங்கே இருந்தது. ஆனால் உயிரோடு வந்து சேர்ந்தவர்களுக்குத்தானே அதனால் பயன்?

இதை யோசித்தவர் பெல்ஃபாஸ்ட் ராயல் விக்டோரியா மருத்துவமனையின் டாக்டர் ஃபிராங்க் பேன்ட்ரிஜ். 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட அதே சயாம் ரயில் பாதையில் வதைபட்டு, பெரிபெரி நோயோடு மீண்டவர்.

மாரடைப்பில் இறக்கும் நடுவயது ஆண்களில் பெரும்பாலோருக்கு முதல் மணி நேரத்திலேயே உயிர் போகிறது என்று ஓர் ஆய்வு சொன்னது. இதயம் துடிப்பை விட்டு வெறுமனே நடுங்கும். உடனே அதிர்ச்சி கொடுத்தால் பிழைக்க வழியுண்டு. 1966இல் சக டாக்டர் ஜான் கெடஸுடன் சேர்ந்து, கார் பேட்டரியில் இயங்கும் சுமார் 70 கிலோ கருவியை ஆம்புலன்ஸில் ஏற்றினார் பேன்ட்ரிஜ். டாக்டரும் நர்ஸும் நோயாளியைத் தேடிப் போனார்கள். மறு ஆண்டே முடிவுகள் 'லான்செட்' இதழில் வந்தன. அமெரிக்கா ஆர்வத்தோடு பின்பற்றியது. பிரிட்டன் வெகுகாலம் தயங்கியது.

1988இல் 17,187 நோயாளிகளிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸும், ஆஸ்பிரினும் மாரடைப்பில் உயிர் காப்பதை நிரூபித்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சீக்கிரம் கொடுத்தால்தான் முழுப் பலன்.

அதனால்தான் நெஞ்சைப் பிசையும்போது "வாயுதான்" என்று சோடா தேடுகிறவர்களை நான் திட்டுவேன். முதலில் 108ஐக் கூப்பிடுங்கள். வாயுவா இல்லையா என்பதை ஈசிஜி சொல்லட்டும்.