படகை வரைந்தது யார்?

முதலாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த பிளினி, தன்னுடைய 'இயற்கை வரலாறு' நூலில் தப்ரபேன் பற்றி, அதாவது எங்கட தீவைப் பற்றி, கொஞ்சம் எழுதியிருக்கிறார். இங்கத்தைய கப்பல்களுக்கு இரண்டு முனையிலும் அணியம் உண்டாம். ஒடுக்கமான நீர்ப்பாதையில் கப்பலைத் திருப்பத் தேவைப்படாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தார்களாம். கேட்டதை வைத்து எழுதியவர்தான் அவர். ஆனால் சிலாபம், நீர்கொழும்புப் பக்கம் பாய் விரித்து ஓடிய, சிங்களத்தில் 'ஒருவ' என்று சொல்லுகிற தோணியை ஞாபகம் இருக்கிற ஆக்களுக்கு அந்த வரி உடனே விளங்கும். அந்தத் தோணிக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பக்கத்து மிதவைக்கட்டை எப்போதும் காற்று வருகிற பக்கமாகவே இருக்க வேணும். அதனால் திசை மாற்றும்போது தோணியைத் திருப்ப மாட்டார்கள். பாயை மாற்றிப்போட்டு, பின்முனையை முன்முனையாக்கிவிடுவார்கள்.

இதை வரைந்த பொறியியலாளர் பெயர் யாருக்கும் தெரியாது. வரைபடமும் இருந்திருக்காது. எங்களுடைய பொறியியல் பீட நண்பர்கள் படிக்கிற 'உற்பத்திப் பொருள் வடிவமைப்பு' பாடத்தில் தேவையைக் கண்டறிதல், மாதிரி செய்தல், சோதித்தல், திருத்துதல் என்று படிகள் வரும். கரையில் இதெல்லாம் ஒரே ஆள் செய்கிற வேலை. தோணி கவிழ்ந்தால் நனைவதும் அதே ஆள்தான். கட்டுமரமும் இப்படித்தான். மரங்களைக் கயிற்றால் கட்டினால், அலை மேலால் வந்து இடுக்கால் வடிந்து போகும். மூழ்க வழியே இல்லை. வேலை முடிந்தால் அவிழ்த்துக் காயவைக்கலாம். 1690களில் இதைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கடலோடி டாம்பியர் வழியாகத்தான் இந்தத் தமிழ்ச்சொல் இங்கிலீஷ் வாசகர்களுக்கு நன்றாக அறிமுகமானது. பிறகு வெள்ளைக்காரர் இரண்டு உடல் வைத்த பாய்ப்படகுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதற்கும் கட்டுமரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது வேற கதை.

1950களில்தான் வரைகிற ஆளும் கடலுக்குப் போகிற ஆளும் பிரிந்தார்கள். ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் உதவியோடு இலங்கை அரசு மீன்பிடியை இயந்திரமயமாக்கத் தொடங்கியது. 28 அடி நீளம், 3.5 தொன், உள்ளே டீசல் இஞ்சின். தவணைக் கடனில் கொடுத்தார்கள். இது மோசமான படகு என்று நாங்கள் சொல்லவில்லை. தூரம் போனது, நைலோன் வலையோடு சேர்ந்து மீனும் கூடவே வந்தது. ஆனால் கீழே சுழல்விசிறியும் சுக்கானும் நீட்டிக்கொண்டிருக்கிற பாரமான படகை மணலில் இழுத்து ஏற்ற முடியாது. அதற்கு ஒதுங்குதுறை வேணும். சிலாபத்தில் ஒதுங்குதுறை என்றால் வாவிதான். அதன் முகத்துவாரத்தில் மணல் சேர்கிற கதை எங்கட ஊருக்குப் புதிசா என்ன? திறந்த கரையில் இருந்து தொழில் செய்தவனுக்கு அந்தப் படகு தன் வீட்டு வாசலை விட்டுப் போகச் சொன்னது. 'கரையில் ஏற்ற வேணும்' என்ற ஒரு தேவை பட்டியலில் இல்லாமல் போனதால் வந்த வினை.

அந்த இடைவெளியை நிரப்பியது ஃபைபர் வள்ளம். பாரம் குறைவு, சில பேர் சேர்ந்தால் கரைக்கு இழுத்துவிடலாம். வெளியே பூட்டுகிற இஞ்சினைத் தூக்கிவிட்டால் விசிறி மணலில் படாது. சனம் ஏன் அதை விரும்பினது என்று கேட்கவே தேவையில்லை. ஆனால் அது எண்ணெய் குடிக்கிற இஞ்சின். சின்ன விசிறி, வேகமான சுழற்சி. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினால் அதே எண்ணெயில் கூடுதல் தள்ளுவிசை கிடைக்கும் என்பது கப்பல் பொறியியலின் பழைய பாடம்.

இரண்டையும் சேர்க்க முடியாதா என்று பார்த்தவர்களும் இருந்தார்கள். 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் இலங்கையும் ஒரு உறுப்பு நாடு. அவர்கள் இந்தியாவின் கிழக்குக் கரைக்காகச் செய்த படகில் டீசல் இஞ்சின், தண்டு, விசிறி எல்லாம் ஒன்றாகச் சாயும். இடையில் நீர் புகாமல் ஒரு றப்பர் உறை. கரை நெருங்கினால் அப்படியே தூக்கிவிடலாம். பாயும் உண்டு.

எங்களுக்கு இன்னும் பிடித்தது கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம். 1970களில் அங்கே கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகு கட்டும் நிலையத்தில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே வேலை செய்தார். கட்டுமரத்துக்கு மரம் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டிருந்த காலம். ஒட்டுப்பலகையைக் கம்பியால் தைத்து, ஓரங்களை ஃபைபரால் ஒட்டிச் செய்த படகுகளைக் கடலில் விட்டுப் பார்த்தார்கள். அலையில் அடிபட்டதையும், மீனவர் வேண்டாம் என்றதையும், திரும்ப வரைந்ததையும் அவர் 1985இல் ஒரு நூலாக எழுதினார். ஷூமாக்கரின் 'சிறியதே அழகு' அப்போது உலகப் பிரபலம். ஜில்லே தன் நூலுக்கு வைத்த பெயர் 'சிறியது கடினம்'. தோல்வியைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்த தொழில்நுட்ப நூல்கள் குறைவு. அதனாலேயே கலைப்பீட மாணவர்களான நாங்களும் இதை ஒரு வரலாற்று நூலாக வாசிக்கலாம்.

இப்ப இதை ஏன் கதைக்கிறோம் என்றால், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாயானது. எங்கட கரையில் சின்ன வள்ளங்களின் இஞ்சின்கள் பெரும்பாலும் ஓடுவது மண்ணெண்ணெயில். விலை ஏறுவதற்கு முன்பே எண்ணெய் கிடைக்காமல் வரிசையில் நின்ற மாதங்கள் வேற. கடலில் மீனும் இருந்தது, வாடையும் சோழகமும் எப்போதும் போல வீசின. ஆனால் மணலில் ஏற்றிவைத்திருந்த ஃபைபர் வள்ளங்களில் பெரும்பாலானவற்றில் பாய்மரம் நாட்டுவதற்கு ஒரு துளைகூட இருக்கவில்லை.