மிதித்தால் திணறும் கார்

என்னிடம் ஒரு பழைய பத்மினி கார் இருந்தது. நிதானமாக ஓட்டினால் குறை சொல்ல முடியாது. அவசரத்துக்கு ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் மட்டும் ஒரு கணம் மூச்சு நின்றதுபோல் திணறும். பிறகுதான் பாயும். ஒருநாள் கடலூர் சாலையில் பேருந்தை முந்தப் போனபோது அந்த ஒரு கணம் வந்தது. எதிரே லாரி. பிரேக் அடித்துப் பேருந்துக்குப் பின்னாலேயே ஒதுங்கிக்கொண்டேன். வீடு வரும்வரை மனைவி பேசவில்லை.

"பிக்கப் இல்ல சார், கார்புரேட்டரையே மாத்தணும்" என்றார் மெக்கானிக். ஆயுள் முழுக்கக் கோப்பு பார்த்தவன் நான். காரணம் தெரியாமல் செலவுக்குச் சம்மதிப்பேனா? பிரெஞ்சில் படித்த எனக்கு, அவர்கள் இந்தக் கோளாறுக்கு வைத்திருக்கும் பெயர் நினைவுக்கு வந்தது: 'த்ரூ'. ஓட்டை, பள்ளம் என்று பொருள்.

அந்தப் பள்ளத்தைத் தூர்த்த கதை நீளமானது. காற்றோடு பெட்ரோலைச் சரியான அளவில் கலப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. ஜெர்மனியின் வில்ஹெல்ம் மைபாக் 1893இல் பெட்ரோலைச் சிறு துளை வழியே தூவும் கார்புரேட்டரைக் கொண்டுவந்தார். ஆனால் வேகம் கூடக்கூடக் கலவையில் பெட்ரோல் அதிகமானது. லியோன் நகரத்து பிரான்சுவா பவெரே 1906இல் இன்னொரு ஜெட் சேர்த்து அதைச் சமன்செய்தார். அதுவே ஸெனித் கார்புரேட்டர்.

சீரான வேகத்துக்கு அது போதும். திடீரென்று மிதித்தால்? காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். உறிஞ்சும் விசை குறைவதால் ஒரு பகுதி குழாய்ச் சுவரிலும் படிந்துவிடும். கலவை நீர்த்துப்போய் எஞ்சின் திணறும்.

இங்கிலாந்தின் ஸ்கின்னர் குடும்பத்தாருடைய எஸ்.யு. கார்புரேட்டரில் இதற்கு எண்ணெய்தான் மருந்து. காற்றுக்கு வழிவிடும் பிஸ்டன் சட்டென்று எழாதபடி எண்ணெய் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். பழைய அம்பாசடரில் இருந்தது இதுதான். அதில் எண்ணெய் வற்றினால் திணறல் வரும்.

பாரிஸில் கூதார், மென்னெஸோன் என்ற இருவர் தொடங்கிய நிறுவனத்தின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் வேறு வழி. மிதித்த உடனே பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு குட்டி பம்ப். பிரெஞ்சில் 'போம்ப் த ரெப்ரீஸ்', அதாவது மறுபடி வேகமெடுக்க உதவும் பம்ப். என் பத்மினியில் இருந்ததும் சோலெக்ஸ்தான்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே பார்த்தபடி லீவரை அசைத்தோம். உடனே பெட்ரோல் கம்பிபோல் பீறிட வேண்டும். ஒரு சொட்டுகூட வரவில்லை. பிரித்துப் பார்த்தால், பம்ப்பின் டயாபிரம் கிழிந்திருந்தது. பீய்ச்சல் சரியாக இருந்திருந்தால் அடுத்துக் காற்றுக் கசிவு, பாயிண்ட் இடைவெளி, டிஸ்ட்ரிபியூட்டர் என்று வரிசையாகப் பார்த்திருப்போம். மாற்றியது அந்தச் சிறு டயாபிரம் ஒன்றைத்தான்.

இன்றைய கார்களில் கார்புரேட்டர் கிடையாது. மிதித்ததை சென்சார் சொல்கிறது, கணினி பெட்ரோலைக் கூட்டுகிறது. குட்டி பம்ப் செய்த அதே வேலை.

அடுத்த ஞாயிறு அதே சாலையில் ஒரு பேருந்தை முந்தினேன். கார் திணறவில்லை. மனைவி அப்போதுதான் கைப்பிடியை விட்டாள்.