கவலைத் தோல் முதல் முதுகுப்பை வரை: வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் தையலின் வரலாறு

பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தின் வரலாறு பெரும்பாலும் பதனிடுதலின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. பச்சைத்தோல் எங்கிருந்து வந்தது, எந்தப் பட்டையில் ஊறியது, எந்த நாட்டுக்குக் கப்பலேறியது, கழிவுநீர் எங்கே கலந்தது என்பவற்றுக்கு ஆவணங்கள் நிறைய உண்டு. அந்தத் தோலை வெட்டித் தைத்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இக்கட்டுரை தையலை நடுவில் வைத்து அதே வரலாற்றைப் பார்க்கிறது. அதற்கு உரைகல்லாக நான் எடுத்துக்கொள்வது, மலைநடைக்காக ஒருவர் தாமே வடிவமைத்துத் தைத்துக்கொள்ளும் எடை குறைந்த முதுகுப்பை. அந்தப் பழக்கம் அமெரிக்காவில் வளர்ந்த அதே ஆண்டுகளில்தான் ஆம்பூரில் ஆயிரக்கணக்கானோர் மிஷின் தையல் கற்றார்கள். இரண்டு இடத்திலும் கைத்திறன் ஒன்றுதான். ஆனால் ஓரிடத்தில் வடிவமும் தையலும் ஒரே கையில் இருந்தன. மற்றதில் தையல் மட்டுமே வந்து சேர்ந்தது.

தைக்கப்படாமல் போன தோல்

ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் முறை பழைய வட ஆர்க்காட்டின் கைவந்த கலை. இப்படிப் பதனிட்ட தோல் லண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' என்று பெயர் பெற்றிருந்தது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியதும் இந்த வட்டாரம் சென்னைத் துறைமுகத்தோடு நேரடியாக இணைந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு இந்தத் தோலே வேண்டியிருந்ததால் அரசே மொத்தமாக வாங்கியது. 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு தீர்வை விதிக்கப்பட்டது. பேரரசுக்குள் அனுப்பினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பக் கிடைத்தது. பூட்ஸும் பையும் தைக்கும் வேலை கடலுக்கு அப்பால் நடக்க, ஊறவைப்பதும் மயிர் நீக்குவதும் சதை வழிப்பதும் இங்கே தங்கிவிட்டன.

இங்கே தையலே இல்லை என்பதில்லை. மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தைப் பார்த்தால் போதும். நூறு லிட்டருக்கும் மேல் நீரை ஒரே இழுப்பில் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவரும் சாலும் அதன் வாலும் பல ஊர்களில் தோலால் ஆனவை. நீரின் முழுப் பாரமும் தையலிலும் வாய்க்கட்டிலும் விழும். நாளெல்லாம் நனைந்தும் உலர்ந்தும் கிடக்கும். பாரம் தாங்கும் பை ஒன்றின் எல்லாச் சிக்கல்களும் இதில் உண்டு. மாட்டின் அளவு, கிணற்றின் ஆழம், தோலின் தடிமன் ஆகியவற்றைப் பார்த்து வெட்டி, வாரால் தைத்து, கிழிந்தால் ஒட்டுப்போட்டும் கொடுத்தவர்கள் தீண்டாமைக்கு ஆளாகி ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட அருந்ததியர் முதலான சாதியினர். கூலி பெரும்பாலும் தானியம். அளவும் வடிவும் தையலும் பழுதுபார்ப்பும் ஒருவரிடமே இருந்த முழுமையான கைவினை அது. இந்த வட்டாரத் தொழில் வரலாற்றின் முதல் அத்தியாயம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் துணிபு.

சென்னை கலைத்தொழில் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-இல் குரோம் பதனிடலைச் சோதித்தபோது குறிவைத்த பொருள்களில் கவலைத் தோலும் ஒன்று. பட்டையில் பதனிட்ட தோல் ஓயாமல் நனைந்தால் சீக்கிரம் அழுகும். குரோம் உப்பு தோலின் நார்களோடு இறுகப் பிணைவதால் நீரைத் தாங்கும். அரசு தொழில் நடத்தக் கூடாது என்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி மார்லி 1910-இல் தடுத்ததும் அரசின் முயற்சி நின்றது. சேம்பர்ஸ் நடத்திய குரோம் லெதர் கம்பெனி சென்னைப் புறநகரில் அந்தத் தொழிலை நிலைநிறுத்தியது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அதன் எச்சம்.

முதுகிலிருந்து இறங்கிய தோல்

இதே காலத்தில் உலகில் சுமைப்பை தோலைக் கைவிடத் தொடங்கியிருந்தது. பிரிட்டிஷ் காலாட்படை 1908-இல் தோல் வார்களை விட்டுப் பருத்தி நாடாவாலான சுமைக்கட்டுக்கு மாறியது. 1914-இல் போர் மூண்டு நாடா போதாமல் போனபோது தோல் வார்கள் சில காலம் திரும்பி வந்தன. போர் முடிந்த பிறகு நாடாவே நிலைத்தது. 1935-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் நைலான் பிறந்தது. 1952-இல் கலிபோர்னியாவின் கிளெண்டேலில் டிக் கெல்டி அலுமினியச் சட்டம் வளைக்க, அவர் மனைவி நீனா வீட்டில் பை தைத்தார். 1966-இல் கொலராடோவின் போல்டர் நகரில் டேல் ஜான்சன் தொடங்கிய ஃப்ராஸ்ட்லைன் இன்னும் ஒருபடி போனது: வெட்டிய துணி, நூல், ஜிப், செய்முறைத் தாள் எல்லாவற்றையும் ஒரே கட்டாக விற்றது, வாங்கியவர் வீட்டுத் தையல் மிஷினில் தைத்துக்கொண்டார். விண்வெளிப் பொறியாளராக இருந்த ரே ஜார்டின் 4,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பசிபிக் மலைமுகட்டுப் பாதையைத் தாமே தைத்த பைகளோடு நடந்து, 1992-இல் வெளியிட்ட கையேட்டில் அந்த வழியை எல்லாருக்கும் திறந்துவிட்டார். அவர் வடிவத்தை ஒட்டி கோலைட் நிறுவனம் கொண்டுவந்த 'பிரீஸ்' பையின் எடை சுமார் 400 கிராம்.

எடைக் கணக்கு எளியது. 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத் தோல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. பூச்சிட்ட 210 டெனியர் நைலான் 200 கிராமுக்குள் அடங்கும். 30 டெனியர் சிலிகான் நைலான் 50 கிராம்கூட வராது. 9,000 மீட்டர் இழையின் கிராம் எடைதான் டெனியர்; எண் குறையக் குறைய இழை மெல்லியதாகும். 40 லிட்டர் பைக்கு ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துணி வேண்டும். தோலில் தைத்தால் வார் வைப்பதற்கு முன்பே ஒரு கிலோவைத் தாண்டிவிடும்.

ஆம்பூருக்கு வந்த தையல்

தோல் ஏற்றுமதி பற்றிய சீதாராமையா குழுவின் அறிக்கையை ஒட்டி 1973-இல் நடுவண் அரசு அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. இந்த வட்டாரத்தில் தையலுக்கு வாசல் திறந்த ஆண்டு அதுவே. அந்த வரம்புக்கு மேல் முடித்த தோலாகவோ தைத்த பொருளாகவோதான் இனி அனுப்ப முடியும் என்ற நெருக்கடியில் டேனரி முதலாளிகள் ஷூ கம்பெனி தொடங்கினார்கள். முதலில் 'அப்பர்' எனும் மேல்பாகத்தை மட்டும் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிறகு முழு ஷூ. 1948-இல் சென்னையில் நிறுவப்பட்டு, நாயுடம்மாவின் தலைமையில் வளர்ந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் முடித்த தோலுக்கான தொழில்நுட்பத்தைத் தந்தது. டேனரியில் ஆண்களே மிகுதி. தையல் பிரிவில் பெண்கள் மிகுந்தார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த முதல் தலைமுறைத் தொழிலாளிகள் அவர்கள்.

ஷூ மேல்பாகத் தையலின் நுணுக்கத்தை வெளியார் எளிதில் உணர்வதில்லை. தோலில் விழுந்த ஊசித்துளை மூடாது. பிரித்துத் தைத்தால் பழைய துளை காட்டிக்கொடுத்துவிடும். துளைகள் நெருங்கினால் அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். விலகினால் இணைப்பு வாய்பிளக்கும். மடிக்க வேண்டிய ஓரத்தை முதலில் ஸ்கைவிங் மிஷினில் சீவி மெலிதாக்க வேண்டும். முதுகுப் பக்கத் தோல் இறுக்கமாகவும் வயிற்றுப் பக்கத் தோல் நெகிழ்வாகவும் இருக்கும் என்பதால், கட்டிங் பிரிவில் இருப்பவர் ஒவ்வொரு துண்டையும் எந்தத் திசையில் வைப்பது என்று விரலால் இழுத்துப் பார்த்தே முடிவு செய்கிறார். தட்டையான துண்டுகள் வளைந்த காலுக்கு ஏற்ற கூடாக மாறுவது போஸ்ட் மிஷினில், ஒரு பெண்ணின் இரு கைகளுக்கு நடுவே.

இத்தனை அறிவும் கூலிக் கணக்கில் 'பீஸ்' ஆனது. கைத்தையல் வேண்டும் மொக்காசின் வகை அப்பர்கள் வீடுகளுக்கும் போயின. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி; பி.எஃப், இ.எஸ்.ஐ எதுவும் கிடையாது. வெளிநாட்டு வாங்குவோர் அனுப்பும் வடிவத்தைச் சாம்பிள் அறையில் சிலர் பேட்டர்னாக மாற்றி அளவு வாரியாகப் பிரித்தார்கள். மிஷினில் உட்கார்ந்தவருக்கு வந்தது ஒரு துண்டும் ஒரு கோடும்தான். கவலைத் தோல் தைத்தவரிடம் ஒன்றாக இருந்த வடிவமும் தையலும் இங்கே பிரிந்துபோயின.

டேனரிக் கழிவுநீர் பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. டேனரிகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாலாற்றுக்கும் அதன் கிணறுகளுக்கும் நேர்ந்த கேட்டை நினைத்தால் அந்தத் தொகை மிகச் சிறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் செலவு கூடக் கூட, பதனிடுவதைவிடத் தைப்பதே தொழிலின் எதிர்காலம் என்பது தெளிவானது. 2022-இல் தமிழக அரசு வெளியிட்ட காலணி, தோல்பொருள் கொள்கை தோல் அல்லாத காலணிகளுக்கும் வழிவகுத்தது. நைலானும் மெஷ் துணியும் ஃபோமும் இந்த மிஷின்களுக்கு இப்போது பழக்கமாகி வருகின்றன.

ஒரே திறன், வேறு பொருள்

முதுகுப்பையும் இதே பொருள்களால் ஆனது. தோள்வாரின் எஸ் வடிவ வளைவு, உள்ளே ஃபோம், முதுகுப் பக்கம் மெஷ், ஓரத்தில் நாடா மடிப்பு: இவை ஸ்போர்ட்ஸ் ஷூவின் கழுத்துப் பகுதி தைத்தவருக்குப் புதியவை அல்ல. மாறும் இடங்களும் உண்டு. தோலின் வெட்டு ஓரம் பிரியாது, நைலான் பிரியும்; ஆகவே ஒரு சென்டிமீட்டர் தையல்விளிம்பு விட்டு இரட்டை மடிப்பாக அடிக்க வேண்டும். தோல் சற்று நெகிழ்ந்து பாரத்தைப் பகிரும். மெல்லிய நைலான் அந்த இரக்கத்தைக் காட்டாது. தோள்வார் பையோடு சேரும் இடத்தில் சதுரமும் நடுவே பெருக்கல் குறியுமாக அடித்து, பின்பக்கம் தடித்த துணி ஒன்றை ஒட்டாக வைத்தால்தான் பாரம் ஒரே நூலில் விழாது.

வடிவமைப்பு தொடங்குவது முதுகை அளப்பதில். கழுத்தடியில் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு நிற்கும் மட்டம் வரை எடுக்கும் அளவே பையின் முதுகு நீளத்தைத் தீர்மானிக்கிறது. கடைப் பைகள் பல, உயரமான ஆணின் உடலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆம்பூர்ப் பெண் ஒருவர் தம் முதுகுக்குத் தைத்துக்கொள்ளும் பை அவற்றைவிடக் குட்டையாக, தோள்வார்கள் நெருங்கியதாக இருக்கும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். ஜவ்வாது மலையும் அருகில்தான். இங்கே குளிருக்கான கனத்த துணிகள் தேவையில்லை. கோடையில் பெரிய சுமை தண்ணீர்தான். மூன்று லிட்டர் என்றால் மூன்று கிலோ. ஒருநாள் நடைக்கு 25 முதல் 30 லிட்டர் கொள்ளளவுள்ள, சட்டமில்லாத பை போதும். பக்கப் பைகளைக் கை எட்டும் சாய்வில் வெட்ட வேண்டும். தண்ணீர்ப் பை முதுகெலும்பை ஒட்டி உயர இருக்க வேண்டும். முதுகில் வியர்வை தங்காமலிருக்க ஃபோமை இரண்டு பட்டைகளாகப் பிரித்து நடுவே காற்று போக இடம் விட வேண்டும். இந்தப் பேட்டர்னை வரைய ஒரு காகிதச் சுருளும் அளவு நாடாவும் போதும்.