மூன்றாம் கோணத்தின் கதை

உமர் கையாமைக் கவிமணியின் தமிழ் வழியே ருபாயாத்தின் கவிஞராக அறிந்தவர்களே நம்மிடையே அதிகம். கணிதம் கற்பிக்கும் எனக்கோ அவர் முக்கோணிப் பாடத்தில் எதிர்ப்படுபவர். தெரியாத கோணத்தைக் காணும் ஒவ்வொரு கணக்கின் அடியிலும் அவரை வருத்திய வினாவொன்று கிடக்கிறது.

இரு கோணங்கள் 50, 60 பாகை எனத் தந்தால், மாணவர் 180இலிருந்து கழித்து 70 என்பர். ஏன் 180? கடதாசி முக்கோணியின் மூலைகளைக் கிழித்துப் பொருத்திக் காட்டலாம். ஆனால் அது நிறுவல் ஆகாது. கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தமது 'மூலகங்கள்' முதற் பாகத்தின் 32ஆம் தேற்றத்தில் இதை நிறுவினார். ஒரு பக்கத்தை நீட்டி, அம்முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் சமாந்தரமாகக் கோடொன்று வரைந்தால், மற்றைய இரு கோணங்களும் அங்கே வந்து சேர்ந்து நேர்கோட்டை நிரப்பும். அந்தச் சமாந்தரமோ அவர் நிறுவாமலே ஏற்றுக்கொண்ட ஐந்தாம் எடுகோளில் தங்கியிருந்தது.

பஸராவில் பிறந்த இப்னு அல்-ஹைதம், நகரும் கோடொன்றைக் கொண்டு அதனை நிறுவ முயன்றார். கேத்திரகணிதத்துள் இயக்கத்தைப் புகுத்துவதை ஏற்காத கையாம், 1077இல் எழுதிய நூலில் வேறு வழி தேடினார். அடிக்குச் செங்குத்தாக இரு சம பக்கங்கள் கொண்ட நாற்பக்கலை அவர் எடுத்தார். மேலுள்ள சமகோணங்கள் செங்கோணமா, கூர்ங்கோணமா, விரிகோணமா? செங்கோணமானால்தான் மூலைவிட்டம் பிரிக்கும் முக்கோணிகளுக்கு 180 கிடைக்கும். ஏனைய இரண்டையும் அவர் விலக்கினார். ஆயினும், நெருங்கிச் செல்லும் கோடுகள் சந்திக்கும் என்ற இன்னொரு கொள்கையை அதற்கு அவர் நம்ப வேண்டியிருந்தது.

13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி இந்த ஆய்வைத் தொடர்ந்தார். 1733இல் இத்தாலியரான சாக்கேரியும் அதே நாற்பக்கலை எடுத்தாண்டார். இன்று அது பெரும்பாலும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1829இல் ரஷ்யாவின் லொபச்செவ்ஸ்கியும் 1832இல் ஹங்கேரியின் போல்யாயும், விலக்கப்பட்ட கூர்ங்கோணத்தை ஏற்றே புதிய கேத்திரகணிதத்தை வெளியிட்டனர். அதில் முக்கோணியின் கூட்டுத்தொகை 180இலும் குறைவு.

கோளத்தின் மேற்பரப்பிலோ அது கூடுதல். வடதுருவத்தையும், மத்தியகோட்டில் 90 பாகை இடைவெளியுள்ள இரு இடங்களையும் இணைத்தால் மூன்றும் செங்கோணங்கள், மொத்தம் 270. கிப்லாவின் திசையும் இத்தகைய முக்கோணியின் ஒரு கோணமே. நமது ஊர், மக்கா, வடதுருவம் ஆகியன அதன் முனைகள். 1025இல் நிறைவுசெய்த நூலில் அல்பிரூனி கஸ்னா நகருக்கு அத்திசையைக் கணித்தார். அங்கே 180இலிருந்து கழிப்பது உதவாது.

ஆகவே, 'ஏன் 180?' என்று கேட்கும் பிள்ளையை, 'மனனமிடு' என்று அடக்குவது நியாயமன்று. அது கையாம் கேட்ட கேள்வி. ஆசிரியர்கள் விதியைக் கரும்பலகையில் எழுதும்போது, 'சமதளத்தில்' என்ற ஒரு சொல்லையேனும் முன்னே சேர்த்து எழுதுவோம். மிகுதியைப் பிள்ளை ஒருநாள் தேடிக்கொள்ளும்.