பெட்டிக்குள் பறந்தவர்கள்

விமானிகளைத் தரையிலேயே உட்காரவைத்துப் பழக்கிய பழைய இயந்திரங்களில் பெயர்பெற்றது லிங்க் டிரெய்னர். எட்வின் லிங்க், நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்ப்டன் என்ற ஊரில் பியானோவும் ஆர்கனும் செய்த குடும்பத்துப் பிள்ளை. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை (நம் ஆர்மோனியத் துருத்திக்குப் பெரியண்ணன்) ஒரு குட்டி விமானத்தின் அடியில் பொருத்தி, 1929-ல் அதை ஆடவும் சாயவும் வைத்தார். ராணுவம் கண்டுகொள்ளவில்லை. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-ல் தபால் சுமக்கும் வேலை அமெரிக்க ராணுவ விமானிகள் தலையில் விழுந்தது. மூடுபனியில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாதவர்கள் ஒருவர்பின் ஒருவராக மடிந்தார்கள். அதன் பிறகே ஆறு பெட்டிகள் வாங்கினார்கள், ஒன்று 3,500 டாலர்.

பெட்டியில் பழகுவதால் எவ்வளவு லாபம்? 1971-ல் ஸ்டான்லி ராஸ்கோ என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஒரு கணக்கு எழுதினார். பெட்டியில் 10 மணி நேரம் பழகியவருக்கு நிஜ விமானத்தில் 5 மணி நேரம் மிச்சமானால் விகிதம் அரை. முதல் சில மணி நேரத்தில் மிச்சம் அதிகம், போகப்போகக் குறையும். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஆனால் பெட்டியில் வைக்காத பாடத்துக்கு இந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447. பிரெஞ்சில் படித்தவன் என்பதால், 2012-ல் வந்த விசாரணை அறிக்கையை மூலத்திலேயே படித்தேன். வேகம் அளக்கும் குழாய்களைப் பனிக்கட்டி அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. துணை விமானி மூக்கை மேலே தூக்கினார். வேகம் குறைந்து இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்தன. பிரெஞ்சில் இது 'தெக்ரோஷாஜ்', கொக்கியிலிருந்து கழன்றுபோவது. எச்சரிக்கை ஒலி அலறியது. காட்டிய வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனதும் அந்த ஒலி நின்றுவிடும், மூக்கைத் தாழ்த்தி வேகம் ஏறினால் மறுபடி அலறும். சரியாகச் செய்தவரை மிரட்டும் மணி! சுமார் 38,000 அடியிலிருந்து கடல்வரை மூன்றரை நிமிடம். 228 பேர்.

அவ்வளவு உயரத்தில், வேகக் கருவி பொய் சொல்லும்போது கையால் ஓட்டும் பயிற்சி துணை விமானிகள் இருவருக்குமே தரப்பட்டிருக்கவில்லை என்கிறது அறிக்கை. தரப்பட்டிருந்தாலும், அன்றைய சிமுலேட்டர்கள் தெக்ரோஷாஜின் தொடக்கம்வரைதான் நம்பத்தக்கவை. அதற்கு அப்பால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்ற விவரம் அவற்றுக்குள் ஏற்றப்படவில்லை.

2019-லிருந்து அமெரிக்காவில் விமான நிறுவன விமானிகள் முழுத் தெக்ரோஷாஜிலும் விழுந்து மீள்வதை சிமுலேட்டரில் பழகியாக வேண்டும்.