வாசலுக்குள் துருப்பிடித்த குடிநீர் பைப்: நாமே மாற்றலாமா? எதில் கை வைக்கக் கூடாது?

குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. முதல் குடம் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. வாசலில் ஒரு இடம் மட்டும் வெயில் காலத்திலும் காய்வதே இல்லை. இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே மண்ணுக்குள் இருக்கும் ஜி.ஐ. பைப் துருப்பிடித்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

துறையூர் தாலுகா உப்பிலியபுரம் மாதிரியான பேரூராட்சிகளில் பலர் இந்த வேலையை ஆள் வைக்காமல் தாங்களே முடித்துவிட நினைப்பார்கள். முடிக்கலாம். ஆனால் காம்பவுண்டுக்கு உள்ளே மட்டும்.

தெருவில் யார் வேலை?

தெருவில் ஓடும் மெயின் லைன், அதில் இணைப்பு எடுக்கும் ஃபெரூல், ரோட்டை வெட்டுவது எல்லாம் பேரூராட்சியின் பொறுப்பு. அனுமதி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. மனு கொடுக்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: பைப் சாக்கடைக்கு உள்ளே முங்கிப் போகிறதா? போனால், சாக்கடைக்கு மேலே தூக்கி, வெளியே ஒரு உறை பைப் போட்டுத் தாண்ட வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன ஓட்டை ஏன் இவ்வளவு ஆபத்து?

24 மணி நேரமும் தண்ணீர் வந்தால் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியேதான் போகும். நம்ம ஊர்களில் குறிப்பிட்ட நேரம்தான் விடுகிறார்கள். நிறுத்தியதும் பைப் காலியாகிவிடும். அப்போது அதே ஓட்டை சுற்றியுள்ள அழுக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். 2025 ஏப்ரலில் திருச்சி உறையூரில் குடிநீரில் கழிவுநீர் கலந்ததாக மக்கள் புகார் சொன்னார்கள், மாநகராட்சி தரப்பு மறுத்தது. அங்கே காரணம் எதுவானாலும், நம் வாசலில் இருக்கும் ஓட்டையை நாம்தான் பார்க்க வேண்டும்.

தோண்டும் முன் கரண்டைப் பாருங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் இது. சில பழைய வீடுகளில் எர்த் வயரை இந்த இரும்பு பைப்பில்தான் கட்டியிருப்பார்கள். பைப்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்டால் வீட்டுக்கு எர்த்தே இருக்காது. மிக்ஸியில், கிரைண்டரில் ஷாக் அடிக்கும். முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்துத் தனி எர்த் போட்டுவிடுங்கள். பைப்பை அறுக்கும்போது மெயின் சுவிட்ச் ஆஃப்பில் இருக்கட்டும்.

பழைய பைப்பைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் போட நினைக்காதீர்கள். பக்கத்தில் புதுக் குழி வெட்டினால், கடைசி நாள் வரை பழைய லைனில் தண்ணீர் வரும். பைக், கார் ஏறும் இடத்தில் இரண்டு அடி ஆழமாவது வேண்டும். அடியில் கூர்மையான கல் இல்லாமல் மணல் பரப்புங்கள். கழிவுநீர் பைப் குறுக்கே வந்தால் குடிநீர் பைப் அதற்கு மேலேதான் போக வேண்டும்.

எந்த பைப்? மண்ணுக்குள் போட கருப்பு எச்.டி.பி.இ. நல்லது. சுருளாக வருவதால் நடுவில் ஜாயின்ட் தேவைப்படாது. ஜாயின்ட் இல்லாத இடத்தில் கசிவும் குறைவு. பைப் மேல் ஐ.எஸ். 4984 என்று அச்சிட்டிருக்க வேண்டும், பி.வி.சி. என்றால் ஐ.எஸ். 4985. எச்.டி.பி.இ. பைப்பில் பசை ஒட்டாது, இறுக்கும் வகை ஃபிட்டிங்தான் போட வேண்டும். விலை குறைவு என்று வயரிங் பைப்பை வாங்கிவிடாதீர்கள். காம்பவுண்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வால்வு வைத்தால் அடுத்த ரிப்பேருக்குத் தெரு லைனை நிறுத்த வேண்டியிருக்காது.

மண்ணை மூட அவசரப்படாதீர்கள்

குழியைத் திறந்தே வைத்து, தண்ணீர் வரும் நேரத்தில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் இறுக்குங்கள்.

கசிவு இல்லை என்றானதும் வால்வை மூடி, 10 லிட்டர் தண்ணீரில் 2 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை வீட்டுப் பக்கமிருந்து பைப் நிறைய ஊற்றுங்கள். ஒரு நாள் அப்படியே விட்டு, குழாய் வழியாக அதை வெளியேற்றிய பிறகே வால்வைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தெரு லைனுக்குப் போய்விடும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது, பிளீச்சிங் வாடை போகும்வரை வருவதைச் செடிக்கோ வாசல் கழுவவோ விட்டுவிட்டுக் குடத்தை வையுங்கள்.