குழந்தைக் காப்பகமும் அவசர நாளும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்தோர்க்குப் ‘பிள்ளைக்காம்பரா’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஏனையோர் பொருட்டுச் சிறிது கூறுதல் தகும். விடிந்தும் விடியாத வேளையிலே பிரட்டுக்களத்திற்குச் செல்லும் தாய், தன் கைக்குழந்தையை ஒப்படைத்துவிட்டு மலைக்குப் போவதற்கெனத் தோட்ட நிர்வாகம் அமைத்த இடமே அது. வயது முதிர்ந்த ஆயா ஒருத்தி, சில சேலைத் தொட்டில்கள், ஒரு பால் பானை. நெடுங்காலமாக இவையே அதன் உடைமைகளாக இருந்தன. கொழுந்து நிறுவைக்கு வரும் தாய்மார் இடையிலே ஓடிவந்து பாலூட்டிச் செல்வர்.

இவ்வேற்பாடு வழமையான நாளுக்கு உரியது. ஆனால் குழந்தைக்கு இரவிலே காய்ச்சல் கண்டுவிட்டால் என்ன செய்வது? ஆயா நோயுற்றுப் படுத்துவிட்டால்? வீட்டிலிருந்து பார்த்துக்கொள்ளும் பாட்டி அயல் தோட்டத்து மரணவீட்டுக்குப் போய்விட்டால்? பிரட்டுக்கு அரைமணி நேரமே இருக்கும்பொழுது, அன்றைய ஒரு நாளைக்கு மட்டும் அக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கு யாரைத் தேடுவது? சிறியதாகத் தோன்றும் இவ்வினாவைக் குழந்தைக் காப்பகங்களின் வரலாற்றோடு இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் உண்மையை மனங்கொள்ளுதல் வேண்டும். குழந்தைக்கு நோய் வருவது புதிதன்று. அந்நோய் தாய்க்கு ‘அவசரம்’ ஆவதே புதிது. சொந்த நிலத்திலே பயிர் செய்யும் குடும்பத்தில் வேலையும் வீடும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தன. குழந்தைக்குச் சுகமில்லையெனில் களையெடுப்பு மறுநாளைக்குத் தள்ளப்படும். அல்லது வீட்டிலுள்ள மற்றொரு பெண் பொறுப்பேற்பாள். துன்பம் இருந்தது, எனினும் நேரம் சற்று வளைந்து கொடுத்தது. கூலியுழைப்பும் ஆலைச் சங்கும் வந்தபின்னரே நேரம் வளையாததாயிற்று. குறித்த நிமிடத்தில் வாயிலைக் கடவாதவருக்கு அன்றைய கூலி இல்லை என்ற விதி தோன்றிய இடத்திலேதான், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத காலைப்பொழுது ஒரு நெருக்கடியாக உருவெடுத்தது.

இந்நிலைமைக்கு விடையாகவே ஐரோப்பாவிற் காப்பகங்கள் எழுந்தன. 1844ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் சையோ பகுதியிலே ஃபிர்மன் மார்போ என்பார் ஏழைத் தொழிலாளப் பெண்களின் குழந்தைகளுக்கென ஒரு காப்பகத்தைத் திறந்தார். தாய்மார் நாளொன்றுக்குச் சிறுதொகை செலுத்தினர். வேலைக்கிடையில் வந்து பாலூட்டினர். பிற நாடுகளிலே பரவிய காப்பகங்கள் பலவற்றுக்கு இது முன்மாதிரியாயிற்று. ஆயின் அதன் விதிகளுள் இரண்டு நமது கவனத்திற்குரியன. ஒன்று, தாய் நன்னடத்தை உடையவளாக இருத்தல் வேண்டும். மற்றொன்று, குழந்தை நோயற்றதாக இருத்தல் வேண்டும். தொற்றுநோய்கள் குழந்தைகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்ற அக்காலத்தில் இரண்டாவது விதியைக் குறைகூறுதல் இயலாது. எனினும் அதன் விளைவை நோக்குக: தாய்க்கு உதவி மிகவும் தேவைப்பட்ட நாளிலேயே காப்பகத்தின் கதவு சாத்தப்பட்டது. காப்பகம் என்னும் நிறுவனம் பிறக்கும்போதே இக்குறையோடு பிறந்தது எனலாம்.

இக்குறையை நேரடியாக எதிர்கொண்ட ஒரு முயற்சி, நூறாண்டுகளின் பின்னர், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் நிகழ்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஐக்கிய அமெரிக்காவின் ஆண்கள் பெருந்தொகையாகப் படையிற் சேர, கப்பல் தளங்களுக்கும் விமானத் தொழிற்சாலைகளுக்கும் பெண்கள் அழைக்கப்பட்டனர். வேலை தேடித் தூர மாநிலங்களிலிருந்து வந்த அவர்களுக்கு அயலிலே பாட்டியும் இல்லை, சித்தியும் இல்லை. பிள்ளைகளைப் பூட்டிய வீட்டிலும், தொழிற்சாலை வாயிலில் நிறுத்திய மோட்டார் வாகனங்களுக்குள்ளும் விட்டுச்சென்ற தாய்மாரைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. தாய் வேலைக்கு வராத நாட்கள் பெருகின. யுத்த உற்பத்தி தடைப்பட்டது. அப்பொழுதே பிள்ளை பராமரிப்பு என்பது அரசாங்கத்தின் கண்ணிற் பட்டது.

ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரிலே ஹென்றி கெய்சரின் இரு கப்பல் கட்டும் தளங்களில் 1943 நவெம்பரில் இரு காப்பகங்கள் திறக்கப்பட்டன. ஜனாதிபதியின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் இம்முயற்சிக்கு ஊக்கமளித்தவர்களுள் முக்கியமானவர். கட்டடச் செலவை அரசாங்கத்தின் கடல்வணிக ஆணைக்குழு ஏற்றது. குழந்தைக் கல்வியில் நிபுணத்துவம் பெற்ற லோயிஸ் மீக் ஸ்டோல்ஸ் இயக்குநராகவும், ஜேம்ஸ் ஹைம்ஸ் நிலையங்களின் முகாமையாளராகவும் பணியாற்றினர். காப்பகங்கள் தளத்தின் வாயிலிலேயே அமைந்தன. தளத்திலே மூன்று வேலைமுறைகள் இருந்தமையால் காப்பகமும் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருந்தது. பதினெட்டு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகள் அங்கே உண்டனர், விளையாடினர், இரவு வேலை செய்யும் தாயின் பிள்ளை அங்கேயே உறங்கியது.

நமது வினாவிற்கு விடை தருவன அங்கிருந்த வேறு இரு ஏற்பாடுகளாகும். சிறு சுகவீனமுற்ற பிள்ளையைத் திருப்பி அனுப்பாது, தாதியின் கண்காணிப்பில் தனியே வைத்திருப்பதற்கு ஒரு நோயாளர் அறை இருந்தது. அத்துடன் ‘விசேட சேவை’ என்னும் பெயரில் மற்றொரு பிரிவும் நடத்தப்பட்டது. நிரந்தரமாகப் பதிவு செய்யப்படாத பிள்ளையையும், வழமையான ஏற்பாடு திடீரெனக் குலைந்த வேளையில், தற்காலிகமாக அங்கே விட்டுச்செல்லலாம். வீட்டுக்குக் கொண்டுசெல்லச் சமைத்த இரவுணவும் விற்கப்பட்டது. இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அவசர நாள் என்பது ஒரு விதிவிலக்காகவன்றி நிச்சயமாக வரப்போகும் ஒரு நாளாகத் திட்டத்திலேயே கணிக்கப்பட்டமையாகும். அதற்கென அறை ஒதுக்கப்பட்டது, ஆள் ஒதுக்கப்பட்டது, செலவும் ஒதுக்கப்பட்டது.

இவற்றை மிகைப்படுத்திக் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தொடக்கத்தில் தாய்மார் பலர் தயங்கினர். எதிர்பார்த்த தொகையினர் வரவில்லை. எனினும் மூடப்படும் வரையில் ஏறத்தாழ 3,800 பிள்ளைகள் அவ்விரு நிலையங்களாலும் பயனடைந்தனர். 1945 செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், யுத்தம் முடிந்த சூட்டோடு, அவை மூடப்பட்டன. நாடெங்கும் சமஷ்டி அரசின் பணத்தில் நடைபெற்ற யுத்தகாலக் காப்பகங்களுக்கான உதவியும், தாய்மாரின் எதிர்ப்பினாற் சிலகாலம் நீடிக்கப்பட்டபின், 1946ஆம் ஆண்டின் முற்பகுதியில் நின்றது. கலிபோர்னியா போன்ற ஓரிடத்திலேயே மாநில அரசு அவற்றைத் தொடர்ந்து நடத்தியது. பிள்ளைகளின் தேவை ஒரே இரவில் மறைந்துவிடவில்லை. தாயின் உழைப்பு நாட்டுக்குத் தேவைப்பட்ட காலமே முடிந்தது. உழைப்பின் பொருட்டு அளிக்கப்பட்ட வசதி உழைப்பின் தேவையோடு போய்விட்டது.

இனி நமது மலையகத்திற்குத் திரும்புவோம். போர்ட்லண்டின் கப்பல் தளத்தையும் தேயிலைத் தோட்டத்தையும் ஒருங்கே நோக்குவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் பெண்களின் உழைப்பை நம்பிய தொழில்கள்; இரண்டிலும் வேலைகொள்வோரே காப்பகத்தை அமைத்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் வர்த்தக நோக்கில் தேயிலை பயிரிட்டார். 1869இற் காணப்பட்ட இலைநோய் பின்னர் கோப்பிப் பயிரை அழித்தது. கோப்பிக்குப் பருவகாலத்திலேயே பெருந்தொகைத் தொழிலாளர் வேண்டியிருந்தனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலையாகத் தோட்டங்களிலே தங்கின. பெண்கள் நாள்தோறும் மலைக்குச் சென்றனர். பிள்ளைக்காம்பரா இந்நிலையின் விளைவேயாகும்.

ஆயின் இவ்விரண்டிற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. கப்பல் தளத்தில் ஒரு பெண் வராத நாளின் இழப்பை நிர்வாகம் தன் இழப்பாகக் கணித்தது. எனவே அந்நாளுக்கு ஓர் அறை கட்டியது. தோட்டத்திலோ வேலைக்கு வராதவளுக்குப் ‘பேர்’ இல்லை. நேரம் பிந்திப்போய்க் கொழுந்து குறைந்தவளுக்கு ‘அரைப்பேர்’. அவசர நாளின் செலவு முழுவதும் அவள் கணக்கிலேயே எழுதப்பட்டது. அந்நாளுக்கென ஏற்பாடு செய்யவேண்டிய அவசியம் நிர்வாகத்திற்கு எழவில்லை.

சட்டமும் இவ்விடயத்தில் ஒரு பாதி தூரமே வந்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் ஒரு முக்கிய படியாகும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு இரு இடைவேளைகள் வழங்கும் விதியும் பின்னர் அதிலே சேர்க்கப்பட்டது. காப்பகம் உள்ள இடத்தில் ஒவ்வோர் இடைவேளையும் முப்பது நிமிடத்திற்கும், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்திற்கும் குறையலாகாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1984இல் ஆண் பெண் இருபாலார்க்கும் சமசம்பளம் கிடைத்தது. 1992இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பிள்ளைக்காம்பராக்கள் பல புதுக்கப்பட்டுச் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்னும் பெயரையும், பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களையும் பெற்றன. இவை மறுக்கமுடியாத முன்னேற்றங்கள். ஆனால் இவையனைத்தும் வழமையான நாளின் முன்னேற்றங்களே.

அவ்வாறாயின் அவசர நாளில் குழந்தையைப் பார்த்தவர் யார்? எழுதப்பட்ட ஆவணங்களில் அவரைக் காண்பது அரிது, லயத்திற் காணலாம். அடுத்த காம்பராவின் கிழவி. மகப்பேற்றுக்காக வேலைக்குப் போகாதிருந்த அயற்பெண். இவர்கள் எவரும் கிட்டாதவிடத்து, வீட்டின் மூத்த பெண்பிள்ளை. இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தியொன்றைக் கூற வாசகர் அனுமதிப்பாராக. சிறுவயதில் நான் அடிக்கடி காய்ச்சலுக்கு ஆளானேன். காய்ச்சற் பிள்ளையை ஆயா ஏற்கமாட்டார். ஏனைய குழந்தைகளின் நலன் கருதி அவர் செய்தது சரியே. அந்நாட்களில் அம்மா மலைக்குப் போக, அக்கா பாடசாலைக்குப் போகாது என்னருகே இருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் என்று தொடங்கிய அவ்விடுமுறைகள், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு முந்திய மாதங்களிலும் தொடர்ந்தன. அக்கா அப்பரீட்சையில் சித்தியடையவில்லை. ஒன்பதாந்தரத்தோடு படிப்பும் நின்றது. பல்கலைக்கழகத்தின் நூலகத்திலிருந்து இதனை எழுதும்போது, எனக்காக எத்தனை நாட்களை அவர் இழந்தார் என்று கேட்டேன். “அதையெல்லாம் யாரு தம்பி கணக்கு வச்சா?” என்றார்.

கணக்கு வைக்கப்படாமையே நாம் கருதவேண்டிய விடயமாகும். பேரும் அரைப்பேரும் செக்றோலிலே பதியப்பட்டன. கொழுந்து இறாத்தலிலும் கிலோவிலும் நிறுக்கப்பட்டது. தம்பியைப் பார்த்த தமக்கையின் நாட்கள் எங்கும் பதியப்படவில்லை. பாடசாலை வரவு இடாப்பிலே ‘வரவில்லை’ என்ற ஓர் அடையாளம் மாத்திரம் விழுந்தது. பெருந்தோட்டத் துறையில் பெண்களின் எழுத்தறிவு ஆண்களினதிலும் தாழ்ந்து நெடுங்காலம் இருந்தமைக்கு வறுமை, பாடசாலையின்மை, பெண்கல்வி பற்றிய பழைய மனப்பாங்கு எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவற்றோடு இதனையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, ஒரு காப்பகத்தின் தகைமையை அதன் சுவர்களையும் பால் பானையையும் கொண்டு மாத்திரம் அளந்துவிட முடியாது என்பது புலனாகும். ஏற்பாடு குலைந்த காலைப்பொழுதில் அங்கே என்ன நடக்கிறது, அந்நாளின் செலவை எவர் ஏற்கின்றார் என்பனவே சரியான அளவுகோல்கள். பாரிஸ் காப்பகம் அந்நாளிலே கதவைச் சாத்தியது. போர்ட்லண்ட் காப்பகம் கதவைத் திறந்தது. ஆயின் யுத்தம் முடிந்ததும் முழுவதுமாகவே மூடியது. நமது தோட்டங்களில் அந்நாளை ஒரு சிறுமி சுமந்தாள்.

செய்யத்தக்கது பெரிதன்று. நோயுற்ற பிள்ளைக்கெனத் தனியே ஒரு சிறு அறை, அழைத்தவுடன் வரக்கூடிய பயிற்சி பெற்ற மற்றுமொரு பெண், பிள்ளை நோயுற்ற நாளில் தாயின் பேர் வெட்டப்படாதிருக்க ஒரு விதி: இவை போதும். போர்ட்லண்டின் முடிவு நமக்குக் கற்பிக்கும் பாடத்திற்கிணங்க, இவை தொழிலாளர்க்கு வழங்கும் சலுகைகளாக அன்றிப் பிள்ளைகளின் உரிமையாகவே அமைதல் வேண்டும். அவ்வாறு அமையுமாயின், தம்பிக்குக் காய்ச்சலான நாளிலும் அக்கா பாடசாலைக்குப் போவாள்.